74,500 ரூபாய் கொடுத்து பிரேக்கைப் பறிகொடுத்தேன்: கொழும்பில் மலைச்சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு

இடது கை மாவுக்கட்டில் இருக்கிறது. ஒற்றைக் கையால் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று வீட்டில் சொன்னார்கள். ஆறினால் நானே "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன். விடக்கூடாது. 74,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, செங்குத்து இறக்கத்தில் பிடிக்காத பிரேக்கோடு என்னை மலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

கடையின் பெயரை எழுதவில்லை. விலை கூடிய வெளிநாட்டுச் சைக்கிள்களைத் திருத்தும் கொழும்புக் கடை, அவ்வளவு போதும். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். கொழும்பு தட்டை நிலம். காலையில் கடற்கரை வீதியில் எவ்வளவு மிதித்தாலும் கால் பலப்படுமே தவிர, இறக்கம் பழகாது. அதற்காக மாதம் ஒருமுறை நண்பனின் வான் வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போவோம். ஹந்தானையில் தேயிலைத் தோட்டத்துக் கான்களை, அதாவது வடிகால்களை, குறுக்கே வெட்டிக்கொண்டு இறங்கும் ஒற்றையடிப் பாதைகள் இருக்கின்றன. மழை விட்ட மறுநாள் செம்மண் சவர்க்காரம் போல வழுக்கும். பைன் மரவேர்கள் குறுக்கே கிடக்கும். அந்தப் பாதைகளில் உயிர் இரண்டு சுட்டுவிரல்களில்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் சில்லு பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுத்துப் போகும். வேகத்தைக் குறைப்பது முன் பிரேக்தான், அதுவும் ஒரே விரலால், கொஞ்சம் கொஞ்சமாக. உடலைத் தாழ்த்தி, குதிகாலை இறக்கி, கைப்பிடியிலுள்ள பிரேக் லீவர் எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்கும் என்பது விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த இடம் தினமும் மாறினால் அந்த வண்டியில் இறங்கவே கூடாது.

என் சைக்கிள் இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ளது. இரண்டு வருடம் சேர்த்து, பழையதாக வாங்கினேன். பிரேக் ஷிமானோ ஹைட்ராலிக், அதாவது குழாயில் உள்ள எண்ணெயின் அழுத்தத்தால் பிடிப்பது. முன் சில்லைத் தாங்கும் ஃபோர்க்கின் கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றித் துப்புரவாக்கி எண்ணெய் மாற்றும்படி அதன் கையேடு சொல்கிறது. எனக்கு அந்தக் கணக்கு எப்போதோ தாண்டிவிட்டது. பிரேக் எண்ணெயும் பழையது. அதனால்தான் கடைக்குப் போனேன். ஒழுங்காகப் பராமரிக்கப் போய்த்தான் இப்படி ஆனது என்பதை நினைக்கும்போது வயிறு எரிகிறது.

உரிமையாளருக்கு ஐம்பது வயதிருக்கும். சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கிவைத்து, முன் சில்லைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஃபோர்க்கை இரண்டு தடவை அமுக்கினார். "தம்பி, சீல் காய்ந்துவிட்டது. இத்தனை நாள் இப்படியா ஓடினீர்கள்?" என்று கடிந்துகொண்டார். அந்தக் கடிதல்தான் என்னை வீழ்த்தியது. அக்கறையுள்ள மனிதர் என்று நினைத்துவிட்டேன். பிறகு, நீங்கள் யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டார். அப்பா சாவகச்சேரி என்றேன். அவருடைய தாயாரின் ஊரும் பக்கத்தில்தானாம். பிளேன்டீ வந்தது. கணக்கு எழுதினார்: பிரேக் எண்ணெய் மாற்ற 18,000, ஃபோர்க் முழுச் சர்வீஸும் புதிய சீலும் 32,000, முன்னும் பின்னும் பிரேக் பேட் 14,500, டயர் சீலன்டும் இதர வேலையும் 10,000. மொத்தம் 74,500 ரூபாய். கொஞ்சம் குறைக்க முடியுமா அண்ணை என்று கேட்டேன். "ஊர்ப் பிள்ளையிடம் கூட்டியா சொல்வேன்? உயிர் விஷயம் தம்பி, பிரேக்கில் கை வைத்தால் நான்தான் செய்வேன், பொடியன்களிடம் விடமாட்டேன்" என்றார். அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. முழுப் பணத்தையும் அங்கேயே மாற்றினேன். பற்றுச்சீட்டில் "முழுச் சர்வீஸ்" என்ற இரண்டு சொல்லும் தொகையும் மட்டும் இருந்தன. அதைப் பார்த்தும் கேட்காமல் மடித்துப் பையில் வைத்தேன்.

நான்கு நாளில் வண்டி வந்தது. லீவர் கல்லைப் போல இறுக்கமாக இருந்தது, மகிழ்ச்சியாக வீட்டுக்கு ஓட்டி வந்தேன். ஒரு வாரத்தில் முன் டிஸ்க், அதாவது சில்லோடு சுற்றும் பிரேக் தட்டு, பேடில் உரசத் தொடங்கியது. அழுத்திவிட்டு விட்டால் லீவர் உடனே திரும்பவில்லை, மெல்ல மெல்ல வந்தது. தொலைபேசியில் சொன்னேன். "புதிய பேட், பழக வேண்டும். இரண்டு இறக்கம் இறங்கினால் சரியாகிவிடும்" என்றார். புதிய பேட் டிஸ்கோடு பழக வேண்டும் என்பது உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் என்னை வாயடைத்தார். பேட் பழகாததற்கும் லீவர் திரும்பாததற்கும் சம்பந்தமில்லை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஹந்தானை. மேலே மூடுபனி, பாதை ஈரம். முதல் பத்து நிமிடம் பின் சில்லு தானாகவே இழுத்துப் பிடித்தபடி வந்தது, டிஸ்க் சூடேறி மணத்தது. நின்று பார்த்திருக்க வேண்டும். அடுத்தது மூன்று கான்களைத் தொடர்ந்து தாண்டும் இறக்கம். இரண்டாவது கானைத் தாண்டியதும் முன் லீவரை அழுத்தினேன். அது கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொண்டது. எதிர்ப்பே இல்லை. மீண்டும் அழுத்த அது திரும்பி வரவேண்டுமே, வரவில்லை. பின்னால் வந்த நண்பன் என் பெயரைக் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. மூன்றாவது கானில் முன் சில்லு இறங்கி நின்றது, நான் நிற்கவில்லை. தேயிலைச் செடிகளுக்குள் இடது கையை ஊன்றி விழுந்தேன். கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஓடிவந்த ஒரு அம்மா தன் தாவணியால் கையைக் கட்டிவிட்டார். எக்ஸ்ரேயில் மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. அந்த இடத்தில் கானுக்குப் பதிலாகப் பாறை இருந்திருந்தால் இதை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

சைக்கிளைக் கண்டியில் நண்பனுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் திறந்து பார்த்தார். லீவரின் மூடியைக் கழற்றிய உடனேயே தலையை ஆட்டினார். ஷிமானோவின் மினரல் எண்ணெய் இளஞ்சிவப்பு. உள்ளே இருந்ததோ வெளிர் மஞ்சள். மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் ஊற்றுகிற டாட் 4 பிரேக் திரவம் என்றார். கொழும்பு பஞ்சிகாவத்தையில் எந்த உதிரிப்பாகக் கடையிலும் கிடைப்பது. அதில் எண்ணெய் கிடையாது, கிளைக்கோல் ஈதர் வகையைச் சேர்ந்த திரவம். மினரல் எண்ணெய்க்காகச் செய்த ரப்பர் சீல் அதில் ஊறி உப்பிவிடும். உப்பினால் பிஸ்டன் திரும்பாது, லீவர் திரும்பாது, கடைசியில் அழுத்தமும் நிற்காது. பேட்களை டிஸ்கில் அழுத்தும் காலிப்பருக்குப் பக்கத்தில் ஃபோர்க்கின் வண்ணப்பூச்சு கொப்பளித்திருந்ததையும் காட்டினார். டாட் திரவம் சிந்தினால் பெயின்டைத் தின்னும். என் லீவரின் மூடியிலேயே மினரல் எண்ணெய் மட்டும் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. "நானே செய்வேன்" என்றவர் அந்த எழுத்தின் மேலேயே விரல் வைத்துத்தான் திருகாணியைக் கழற்றியிருப்பார்.

ஃபோர்க்கையும் திறந்தார். எண்ணெயில் ஊறியிருக்க வேண்டிய பஞ்சு வளையங்கள் காய்ந்து கறுத்திருந்தன. சீல் பழையது. 32,000 ரூபாய்க்கு வெளிப்புறத்தைத் துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலையில் அழைத்தேன். "அதிகம் பிரேக் பிடித்தால் எந்த ஹைட்ராலிக்கும் இப்படித்தான்" என்றார். மாலையில், வண்டியைக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார். செவ்வாய்க்கிழமை படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. புதன்கிழமை கட்டுப்போட்ட கையோடு நேரில் போனேன். கடையில் நின்ற பொடியன், முதலாளி வெளியூர் என்றான். உள்ளே அவருடைய இருமல் கேட்டது. வாசலில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு வந்து, கண்டிக்காரன் திறந்த வண்டிக்கு நான் பொறுப்பில்லை, எண்ணெயை அவன்தான் மாற்றியிருப்பான் என்றார். திறக்கும்போது நண்பன் எடுத்த காணொளியைக் காட்டினேன். "தம்பி, ஊர்ப் பிள்ளை என்று மரியாதை கொடுத்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பிளேன்டீ கொடுத்த அதே மனிதர். 74,500 ரூபாயில் ஒரு சதம் திரும்பவில்லை. இந்தப் பிரேக்குக்குச் சீலைத் தனியாக விற்பதில்லை, எனவே இரண்டு லீவரும் இரண்டு காலிப்பரும் குழாய்களோடு புதிதாக வாங்க வேண்டும். அது இந்த 74,500-க்கு மேல்.

கை வலிக்கிறது, சுருக்கமாகவே சொல்கிறேன். எண்ணெய்ப் போத்தலைக் கண்ணால் பாருங்கள், படம் எடுங்கள். ஷிமானோவுக்கு மினரல் எண்ணெய், டாட் கேட்கும் பிரேக்குக்கு டாட், லீவர் மூடியில் எழுதியிருப்பதே சட்டம். கழற்றிய பழைய சீலையும் பேடையும் கேட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டில் ஒவ்வொரு வேலையும் தனியாக எழுதாமல் பணம் கொடுக்காதீர்கள். முறைப்பாட்டுக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, இலக்கம் 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் நாளை கொடுக்கிறேன்.

அண்மையில் கொழும்பில் யாரிடமாவது பிரேக் எண்ணெய் மாற்றியிருந்தால், இந்த வார இறுதியில் மலைக்குப் புறப்படும் முன் லீவரை அழுத்தி விட்டுப் பாருங்கள். அது தயங்கித் திரும்பினால் வண்டியை ஏற்றாதீர்கள்.