மாத்திரையைச் சொல்லிக் கொடுப்பதா, மறைத்துக் கொடுப்பதா?

இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிட்டும் நடந்தால் நெஞ்சு இறுக்கம் வருகிறவர்களுக்கு, ட்ரைமெட்டாசிடின் என்ற நெஞ்சுவலி மருந்தையும் சேர்த்தால் குறையுமா என்று ஒரு சிறிய ஆய்வைத் திட்டமிட்டோம். வழக்கமான மருந்துகள் எல்லோருக்கும் தொடரும். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மட்டும் புதியது. இதை ஓப்பன் லேபிளாக, எல்லோருக்கும் தெரியும்படி நடத்தலாம். அல்லது டபுள் பிளைண்ட்: மற்றப் பாதிக்கு அதே நிறத்தில் போலி மாத்திரை, யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

செலவும் வேலையும் ஓப்பன் லேபிளில் குறைவு. சரி, அதிலேயே முன்னோட்டம் பார்ப்போம் என்று தொடங்கினோம். வலி எத்தனை முறை வந்தது என்று நோயாளியே நோட்டில் எழுத வேண்டும். ஒரு பெரியவர் இரண்டு வாரமும் 'இல்லை' என்றே எழுதியிருந்தார். சட்டைப்பையில் இருந்த சார்பிட்ரேட் (வலி வந்தால் நாக்கடியில் வைக்கும் மாத்திரை) அட்டையிலோ நான்கு மாத்திரை காலி. கேட்டதற்கு, "புது மாத்திரை கொடுத்திருக்கீங்க, இன்னும் வலிக்குதுன்னு எப்படிங்க சொல்றது?" என்றார்.

அன்றே டபுள் பிளைண்டுக்கு மாற முடிவெடுத்தோம். நாங்கள் எண்ணுவது வலியை. புது மருந்து கிடைத்தவர் லேசான இறுக்கத்தை வாயு என்று விட்டுவிடுவார். கிடைக்காதவர் அதையே வலி என்று எழுதுவார். மருந்து ஒன்றும் செய்யாவிட்டாலும் வித்தியாசம் வந்துவிடும்.

தெரிந்தால் மருந்தையே மாற்றிக்கொள்வதும் உண்டு. அமெரிக்காவின் அடாப்டபிள் ஆய்வு (2021), 15,076 பேரிடம் ஆஸ்பிரின் 81 மில்லிகிராமையும் 325-ஐயும் ஓப்பன் லேபிளில் ஒப்பிட்டது. 325 கிடைத்தவர்களில் 41.6 சதவீதம் பேர் 81-க்கு மாறிவிட்டார்கள். பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அது மருந்தாலா, மாறியதாலா என்று பிரிப்பது கஷ்டம்.

இறப்பையும் மாரடைப்பையும் எண்ணுவதானால் என் பதில் வேறு. பெரும்பாலும் ஸ்வீடனில் நடந்த ரெட்யூஸ்-ஏஎம்ஐ ஆய்வு (2024), 5,020 பேரிடம் பீட்டா பிளாக்கரை ஓப்பன் லேபிளிலேயே சோதித்தது. இறப்பை யாரும் கூட்டியோ குறைத்தோ எழுத முடியாது.

மறைப்பும் எல்லா மருந்துக்கும் நிற்காது. ட்ரைமெட்டாசிடின் நாடித்துடிப்பை மாற்றாததால் எங்களுக்கு வசதி. ஐவாப்ரடின் என்ற மருந்தோ துடிப்பைக் குறைக்கும்; மணிக்கட்டைப் பிடித்ததுமே டாக்டர் ஊகித்துவிடலாம். எங்களுடையது ஆறு மாத ஆய்வு என்பதால், வருடக்கணக்கில் மறைப்பைக் காப்பாற்றுவது பற்றி நான் அடித்துச் சொல்ல மாட்டேன். போலி மாத்திரைக்கு மட்டும் முதலிலேயே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். எங்களுக்கு வந்து சேர ஐந்து மாதம் ஆனது.