தொகை எழுதாத சம்பளப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்

மின்கோபுர (டவர்) வேலைக்கு ஆள் கூட்டிப் போகும் மேஸ்திரிகளுக்காக இதை எழுதுகிறேன். 2019இல் 14 பேருடன் தாராபுரம் பக்கம் ஒரு 400 கிலோவோல்ட் மின் லைனில் கோபுரம் ஏற்றப் போனேன். எட்டுப் பேர் எங்கள் ஊர்ப் பையன்கள். ஆறு பேர் ஜார்க்கண்டின் கிரிடி மாவட்டத்துக்காரர்கள். உச்சியில் நின்று கிராஸ் ஆர்ம், அதாவது மின்கம்பி தாங்கும் கை, பூட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. வேலை கொடுத்தவர் பெரிய கம்பெனியின் துணை ஒப்பந்தக்காரர். டன்னுக்கு 7,000 ரூபாய் என்று பேச்சு. வெறும் பேச்சுதான், தாளில் ஒரு வரி இல்லை.

நான்கு கோபுரம் முடிந்ததும் ஒரு தோட்டத்துக்காரர் மறித்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. என் நிலமாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின்படி கலெக்டர் உத்தரவு வாங்கி வர 23 நாள் ஆனது. டன் கணக்கில் கூலி பேசியவனுக்குச் சும்மா உட்கார்ந்த நாளுக்கு என்ன கிடைக்கும்? ஒன்றுமில்லை. 14 பேருக்கும் மளிகைக் கடையில் என் பெயரில்தான் கடன் ஏறியது.

அந்த நாட்களில்தான் ஒப்பந்தக்காரரின் கணக்குப்பிள்ளை ஷெட்டுக்கு வந்தார். நீல அட்டை போட்ட பதிவேடு, மைப்பெட்டி. ஆளுக்கொரு வரி, பெயர் இருந்தது, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருந்தது, தொகைக் கட்டம் மட்டும் காலி. "ஆடிட்டுக்காகத்தான் மேஸ்திரி, கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். சனிக்கிழமை பணம் வந்துவிடும்" என்றார். தயங்கிய பையன்களைப் போடச் சொன்னவன் நான்தான். கிரிடிக்காரர்களில் இரண்டு பேர் கைநாட்டு. மை காயாத விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டே ஒருவன் என்னைப் பார்த்தான். அவனுக்கு அப்போதே சந்தேகம் இருந்திருக்க வேண்டும்.

ஒன்பது கோபுரமும் முடிந்தபோது 135 டன், 9,45,000 ரூபாய். அதுவரை அட்வான்ஸாக வாங்கியிருந்தது 3,80,000. மீதிக்குப் போனால் ஒப்பந்தக்காரர் ஒரு துண்டுத்தாளை நீட்டினார். மூன்று கோபுரங்களில் ஏறுதடை முள்கம்பியும் எண்பலகையும் மாட்டவில்லை, ஆகவே அந்த 3,15,000 நிறுத்தம். அந்தச் சாமான்கள் அவருடைய ஸ்டோருக்கே வரவில்லை! பத்து சதவீதப் பிடித்தம் 94,500. காணாமல் போன போல்ட்டு, கயிறு வகையில் 62,000. கைக்கு வந்தது 93,500.

தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை நிறுவனமே தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21ஆம் பிரிவு அப்போது சொன்னது. கூலி கொடுக்கும்போது கம்பெனியின் ஆள் உடனிருந்து சான்று போட வேண்டும் என்றதும் அதே பிரிவுதான். விசாரணை அன்று அந்த நீலப் பதிவேடு மேசைக்கு வந்தது. காலியாக இருந்த கட்டங்களில் முழுக்கூலி ஏறியிருந்தது. கீழே, நாங்கள் கண்ணாலும் பார்த்திராத ஒரு மேற்பார்வையாளரின் சான்று. சம்பளப் பட்டியலில் கையெழுத்து இருந்தால்தான் கம்பெனியில் ஒப்பந்தக்காரருக்குப் பில் பாஸ் ஆகும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கையெழுத்தைக் காட்டி அவர் எப்போதோ பணம் எடுத்துவிட்டிருந்தார்.

அதே பதிவேட்டில் அவர் ஒரு இடத்தில் சறுக்கியிருந்தார். ஒவ்வொருவருக்கும் பிஎஃப் பிடித்ததாக எழுதியிருந்தது. ஆனால் ஒருவருக்கும் பிஎஃப்புக்கான யுஏஎன் எண்ணே எடுக்கவில்லை. பிஎஃப் அலுவலகத்தில் புகார் போனதும் கம்பெனிக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள், ஏனென்றால் ஒப்பந்தக்காரர் கட்டாத பிஎஃப் கடைசியில் அவர்கள் தலையில்தான் விடியும். ஏழு மாதம் கழித்து 2,10,000 வந்தது. மீதி 2,61,500 இன்றுவரை வரவில்லை. பையன்களுக்கு வட்டிக்கு வாங்கித்தான் கணக்குத் தீர்த்தேன்.

இப்போது வேலை நிற்கும் நாளுக்கு ஆளுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்காமல் ஷெட் போடுவதில்லை. சாமான் வராமல் பாக்கி நிற்கும் கோபுரத்துக்கும் அதுவரை ஏற்றிய எடைக்குப் பில் போட வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குகிறேன். யார் பதிவேடு நீட்டினாலும் தொகைக் கட்டத்தை முதலில் நிரப்பச் சொல்கிறேன், பிறகு போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். இதற்காக ஒரு வேலை கைநழுவியும் போனது.

அந்த ஆள் இப்போது வேறு கம்பெனிப் பெயரில் ஸ்டிரிங்கிங், அதாவது கம்பி இழுக்கும் வேலைக்கு கேங் தேடுவதாகக் கேள்விப்படுகிறேன். இந்த முறை கிலோமீட்டர் கணக்காம்.