3 வருடம், 41,000 கிலோமீட்டர்: பழைய டபிள்யூஆர்எக்ஸுக்கு ஷொக் மாற்றிய அனுபவம்

என்னிடம் இருப்பது 2002 ஆம் ஆண்டு சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ். 2 லீட்டர் டர்போ, நாலு சக்கரமும் இழுக்கும். மட்டக்களப்பில் இதை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறாய் என்று கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்விதான். இங்கே ஏற்றம் என்று சொல்ல கல்லடிப் பாலத்தை விட்டால் வேறு இல்லை. ஆனால் செங்கலடியில் திரும்பி ஏ5 வீதியைப் பிடித்தால் மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று பதுளை வரை போகலாம். பிபிலை தாண்டியதும் வளைவுக்கு மேல் வளைவு. அதற்காகத்தான் இந்தக் கார்.

2021 இல் முன் ஷொக் (குழியில் விழும்போது கார் ஆடாமல் அடக்கும் ஷொக் அப்சோபர்) இரண்டும் எண்ணெய் கசிய ஆரம்பித்தன. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்றிருந்ததால் இதை விற்றுவிட்டு வேறொன்று வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. கொழும்புக்குப் போய் பஞ்சிகாவத்தையில் நாள் முழுக்க அலைந்து, ஜப்பானில் இருந்து கழற்றி வந்த ஒரு கொயிலோவர் செட்டை, அதாவது ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்ததை, வாங்கி வந்தேன். உயரம் கூட்டிக் குறைக்கலாம், இறுக்கம் மாற்றலாம், பார்க்கவும் அழகு. என் புத்தி அந்த அழகோடு நின்றுவிட்டது.

ஸ்பிரிங்கில் 8 கிலோ என்று அடித்திருந்தது. ஒரு மில்லிமீட்டர் அமுங்க 8 கிலோ பாரம் வேண்டும் என்று அர்த்தம். கம்பனி ஸ்பிரிங் அதில் பாதிகூட வராது. மேலே இருக்கும் திருகை எவ்வளவு தளர்த்தினாலும் மாறுவது ஷொக்கின் தடை மட்டும்தான், ஸ்பிரிங்கின் கடினம் அப்படியேதான் இருக்கும். இது எனக்குக் காசு கொடுத்த பிறகுதான் உறைத்தது. முதல் வாரமே அம்மாவைக் களுவாஞ்சிகுடிக்குக் கூட்டிப் போனேன். பாடசாலைக்கு முன்னால் உள்ள வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பின் சீட்டில் இருந்து குரல் வந்தது: "என்ன மனே இது, கட்டை வண்டியா?"

காரை 40 மில்லிமீட்டர் இறக்கியிருந்தேன். இந்தக் காருக்கு முன்னும் பின்னும் ஸ்ட்ரட் அமைப்பு, அதாவது ஷொக்கே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணாகவும் இருக்கும். இப்படியான காரை ஓர் அளவுக்கு மேல் இறக்கினால், சக்கரத்தைக் கீழே காரோடு இணைக்கும் லோவர் ஆமின் வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்புறம் வளைவில் கார் சாயும்போது டயர் நிமிர்ந்து நிற்பதற்குப் பதிலாக வெளியே கவிழப் பார்க்கும். பார்வைக்கு ரேஸ் கார், ஓட்டத்தில் கம்பனி உயரத்தில் இருந்ததைவிட மோசம்.

ஷொக் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க ஒரு சோதனை செய்தேன். ஷொக் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி அடிவரை தள்ளிவிட்டு, வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தேன். மாரி வெள்ளம் வடிந்த தை மாதம், குழிக்குப் பஞ்சமே இல்லை. திரும்பி வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் டை மேலே போய் பம்ப் ஸ்டொப் ரப்பரில் ஒட்டிக்கொண்டு இருந்தது. ஷொக் அமுங்க இடமே மிச்சமில்லை, கார் பாதி நேரம் அந்த ரப்பர் துண்டின் மேல்தான் ஓடியிருக்கிறது. சரி, உயரத்தைக் கூட்டலாம் என்று கொயிலோவரில் அதற்கென இருக்கும் வளையத்தைத் திருப்பினால் அசையவில்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. ஒரே வருடத்தில் உப்புக்காற்று மரையை இறுக்கிப் பூட்டிவிட்டது.

2022 கடைசியில் மறுபடி தேடும்போது டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்குப் போயிருந்தது. மனதில் இருந்தவை இரண்டு. ஒன்று பில்ஸ்டீன் பி6. ஒற்றைக் குழாய், உயர் அழுத்த நைட்ரஜன், நீண்ட மலைப்பாதையில் சூடேறினாலும் தளராது, கம்பனி உயரத்து ஸ்பிரிங்கோடு போடவே செய்தது. இறக்கிய காருக்கு அதே கம்பனியின் பி8 வேறாக இருக்கிறது, மாற்றி வாங்கிவிடக் கூடாது. மற்றது கயாபா எக்செல்-ஜி. இரட்டைக் குழாய், குறைந்த அழுத்த வாயு, கார் புதிதாக வந்தபோது இருந்த குணத்தைத் திருப்பித் தருவதற்கான ஷொக். எனக்குச் சொன்ன விலையில் பி6 இரண்டு மடங்குக்கு மேல்.

நான் கயாபாவை எடுத்தேன். மிஞ்சிய காசில் டொப் மவுண்ட், பம்ப் ஸ்டொப், தூசி உறை, லோவர் ஆம் புஷ் (ஆம் காரோடு சேரும் மூட்டில் உள்ள ரப்பர்), ஸ்டெபிலைசர் லிங்க் எல்லாம் புதிதாகப் போட்டேன். பழைய காருக்கு ஷொக் தேடுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: இருபது வருட ரப்பரை அப்படியே விட்டுவிட்டு விலை கூடிய ஷொக்கைப் போட்டால் ஆட்டம் ஷொக்கில் இல்லாமல் ரப்பரில் இருக்கும். எனக்குத் தெரிந்த முன்னேற்றத்தில் பாதி புஷ்ஷால் வந்தது.

அதிலும் ஒரு அடி வாங்கினேன். முதலில் வேலை செய்த கராஜில் கார் தூக்கியில் தொங்கும்போதே லோவர் ஆம் போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டார்கள். காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்றிருக்கிறது. ஐந்து மாதத்தில் கிழிந்தது. பிறகு பார்த்த அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "தம்பி, சக்கரம் நிலத்தில நிக்கேக்குள்ளதான் கடைசி இறுக்கு" என்று சொல்லி அவரே செய்து தந்தார். இன்னொன்றும் செய்தார். முன் ஸ்ட்ரட்டில் சக்கரக் கட்டையைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டில் மேலே உள்ளது கேம்பர் போல்ட், அதைத் திருப்பினால் சக்கரத்தின் சாய்வு மாறும். அதைக் கழற்றுமுன் அது நின்ற இடத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டார். வீல் அலைன்மன்ட் எப்படியும் செய்ய வேண்டும், ஆனால் அந்தக் கடை வரை காரை நேராக ஓட்டிப் போக அந்தக் கோடு போதும்.

41,000 கிலோமீட்டரில் எண்ணெய்க் கசிவு இல்லை. டயர் உள்விளிம்பு தேய்வதும் நின்றது. கல்முனை வரை கார்ப்பெட் வீதியில் அம்மா தூங்கிவிடுகிறார்.

லுணுகலைப் பக்கம் வேகமாகப் போனால் கார் கொஞ்சம் சாயும், வளைவுக்குள் மேடுபள்ளம் வந்தால் ஒரு ஆட்டம் கூடுதலாக ஆடும். கல்முனையில் இதே மாடல் வைத்திருக்கும் நண்பன் பி6 போட்டிருக்கிறான். அதே வளைவில் அவன் காரை ஓட்டிப் பார்த்தேன், ஒரே அமுக்கு, அத்தோடு அடங்கிவிடுகிறது. பொறாமையாக இருந்தது. ஆனால் டவுனுக்குள் நாற்பதில் போகும்போது தார் ஒட்டுப் போட்ட இடமெல்லாம் அவன் காரில் கைக்குத் தெரிகிறது. மாதத்துக்கு ஒரு தடவை மலை ஏறுகிறவனுக்கு என்னுடையதே போதும். வாரா வாரம் ஏறுவதாக இருந்தால் கடன் வாங்கியாவது பி6 போட்டிருப்பேன்.

அந்தக் கொயிலோவர் செட் இன்னும் வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. கேட்டு வந்தவர்கள் இருவர். வளையத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன், இருவரும் போய்விட்டார்கள்.