சேலத்தில் 'சீட் பிளாக்' பண்ணித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்

85,000 ரூபாய். வீட்டுக்காரம்மா ஏலச்சீட்டில் கட்டிச் சேர்த்த காசு. ஐந்து ரோடு பக்கம் மாடியில் ஒரு கல்வி ஆலோசனை மையத்தில் கொடுத்தோம். இடமும் இல்லை, பணமும் இல்லை. நேற்று மாலை "இனிமேல் ஆபீஸ் பக்கம் வராதீங்க" என்றே சொல்லிவிட்டார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

எங்களுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் சின்னக் கொலுசுப் பட்டறை. பாப்பா கணக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். கம்ப்யூட்டரும் படிக்கணும், வியாபாரமும் படிக்கணும், கொலுசை ஆன்லைனில் விற்கணும் என்பாள். கட் ஆஃப் 200க்கு 176. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று புரியாமல்தான் அங்கே போனோம்.

சுவரெல்லாம் கல்லூரிச் சின்னங்கள், சேர்க்கைக் கடிதத்தோடு நிற்கும் பிள்ளைகளின் படங்கள். அங்கே உட்கார்ந்திருந்த ஆலோசகன் எங்களைப் பார்த்துப் பேசவே இல்லை. நேராகப் பாப்பாவிடம், "உனக்கு என்ன பிடிக்கும் கண்ணு?" என்று கேட்டான். அவள் கொலுசு விற்பதைச் சொன்னதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, எடை, செய்கூலி, சேதாரம் எல்லாம் எப்படிக் கணக்குப் போடுகிறாய் என்று விசாரித்தான். பத்து வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. வீட்டுக்காரம்மா என் முழங்கையைத் தொட்டாள். அங்கேயே முடிந்துவிட்டது கதை.

"கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் பிசினஸ் சிஸ்டம்ஸ், சிஎஸ்பிஎஸ். உன்ன மாதிரிப் பிள்ளைக்குன்னே போட்ட கோர்ஸ். டிசிஎஸ் போட்ட சிலபஸ், முடிச்சா டிசிஎஸ்லயே வேலை. அண்ணா, 176க்குக் கவுன்சலிங்ல இது வராது. கோயம்புத்தூர்ல ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துல நமக்கு ரெண்டு சீட்டு இருக்கு, இன்னிக்கே பிளாக் பண்ணிடலாம். அக்கா, நீங்க தைரியமாப் போங்க, பாப்பா என் தங்கச்சி மாதிரி."

சிலபஸ் டிசிஎஸ் என்கிற ஐடி கம்பெனி வகுத்துக் கொடுத்தது என்பது உண்மை. வேலை உறுதி என்பது பச்சைப் பொய். மற்றவர்களைப் போலத் தேர்வு எழுதி, நேர்காணலில் தேறித்தான் உள்ளே போக முடியும். பாதி உண்மையை முன்னால் நிறுத்தி மீதியை விற்பதுதான் இவர்கள் தொழில்.

50,000 ஜிபே, 35,000 ரொக்கம். ஜிபே போனது கல்லூரிக் கணக்குக்கு இல்லை, ஏதோ ஒரு தனி ஆள் பெயருக்கு. கேட்டதற்கு "எங்க அக்கவுன்டன்ட்தாண்ணா" என்றான். ரசீதில் பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லை, 'ஆலோசனைக் கட்டணம் ரூ. 85,000' என்று மட்டும். பின்பக்கம் பொடி எழுத்தில், கட்டிய பணம் திருப்பித் தரப்படாது. டிசி, மார்க் ஷீட் ஒரிஜினலையும் "வெரிஃபிகேஷனுக்கு" என்று வாங்கி வைத்துக்கொண்டான். ஒரு விண்ணப்ப எண்ணும் வாட்ஸ்அப்பில் வந்தது.

அதற்கப்புறம் பேச்சே மாறிவிட்டது. சார் மீட்டிங்ல இருக்கார். சார் சென்னை போயிருக்கார். லிஸ்ட் வெள்ளிக்கிழமை வரும். சர்வர் டவுன். "அவசரப்பட்டா சீட்டு போயிடும்ணா" என்று ஒரு மிரட்டல் வேறு. ரிசப்ஷனில் இருந்த பெண் எங்களைப் பார்த்ததுமே போனைக் காதில் வைத்துக்கொள்வாள், போன் அடித்திருக்கவே அடித்திருக்காது.

பொறுக்க முடியாமல் பாப்பாவே அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். விண்ணப்ப எண்ணைச் சொன்னதும் அந்தம்மா, "இது என்கொயரி நம்பர்மா, வெப்சைட்ல பேரும் போன் நம்பரும் போட்டா யாருக்கும் வரும். எங்களுக்கு ஏஜென்ட்டே கிடையாது" என்றார். 85,000 ரூபாய்க்கு எங்களுக்குக் கிடைத்தது ஓசியில் வருகிற ஒரு நம்பர்! அரசுப் பொறியியல் கவுன்சலிங்குக்குப் பதிவுக் கட்டணமே 500 ரூபாய்தான். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 250.

சர்டிபிகேட்டை மீட்கப் போனபோது நடந்ததுதான் உச்சம். மேஜை மேல் ஒரு தாளை வைத்தான். 'சேவை திருப்தி, பாக்கி எதுவும் இல்லை' என்று டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால்தான் டிசி என்றான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பாப்பா தாளை இழுத்து, 'ரூ. 85,000 இன்னும் திரும்ப வரவில்லை' என்று பேனாவில் எழுதி, அதன் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி, போனில் படமும் எடுத்துக்கொண்டாள். பக்கத்து அறையில் இன்னொரு குடும்பம் காபி குடித்துக்கொண்டிருந்ததால்தான் சத்தம் போடாமல் கவரைக் கொடுத்தான். அந்தக் குடும்பத்திடம் படியில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வந்தோம். அதற்குத்தான் நேற்றைய "வராதீங்க".

பிசினஸ், டெக்னாலஜி இரண்டும் வேண்டும் என்கிற பிள்ளைக்கு எப்படி இடம் பார்ப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அந்த ஆள் முகம்தான் வருகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணம் கல்லூரியின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும். ஒரிஜினலை நடுவில் எவனிடமும் தராதீர்கள். உங்கள் கட் ஆஃபுக்கு எது வரும் என்பதை அவன் சொல்ல வேண்டியதில்லை, போன வருஷம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எத்தனை மார்க்கில் முடிந்தது என்று சாதிவாரியாகக் கவுன்சலிங் தளத்திலேயே இருக்கிறது. பிபிஏ பக்கம் போகிறவர்கள் கல்லூரிக்கு ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதி உண்டா என்று பாருங்கள், 2024-25லிருந்து பிபிஏ, பிசிஏவும் அதற்குள் வந்துவிட்டது. ஐஐஎம் மேலாண்மைக் கல்லூரியில் சீட்டு வாங்கித் தருகிறேன் என்பவனை அப்படியே எழுந்து போகச் செய்யும் கேள்வி ஒன்று உண்டு: "நுழைவுத் தேர்வு மார்க் வேண்டாமா?" பிளஸ் டூ முடித்ததும் சேரும் இந்தூர் ஐஐஎம்மின் ஐந்தாண்டுப் படிப்பு 2011லிருந்து இருக்கிறது, நுழைவுத் தேர்வு இல்லாமல் அதற்குள் போக முடியாது.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். கமிஷனர் ஆபீஸில் மனுவும் கொடுக்கப் போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாதாம். அதே மாடிக்கு ஏறி அதே மாதிரி 'ஆலோசனைக் கட்டணம்' ரசீது வாங்கியவர்கள் யாராவது இருந்தால் ரசீதோடு சொல்லுங்கள், சேர்ந்து போவோம். ஒருத்தன் போனால் மீட்டிங்கில் இருப்பார், பத்துப் பேர் போனால் இருக்க மாட்டார். பாப்பாவுக்கு அரசுக் கவுன்சலிங்கின் இரண்டாம் சுற்று சாய்ஸ் ஃபில்லிங் (கல்லூரி, பிரிவு தேர்ந்தெடுப்பது) நாளை திறக்கிறது, அதைப் பார்க்க வேண்டும்.