கராத்தேக்காரனும் ஜூடோக்காரனும் மோதினால்: எம்எம்ஏவா, சாண்டாவா, கூடோவா?

நான் கராத்தே, நண்பன் ஜூடோ. வாடகையை மிச்சம் பிடிக்க இரண்டு வகுப்பும் ஒரே ஹாலில், நாள் மாற்றி நாள் நடக்கும். இப்படி இருந்தால் "மோதினால் யார் ஜெயிப்பான்?" என்ற கேள்வி எத்தனை நாளைக்கு வராமல் இருக்கும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை விதி எதுவும் பேசாமல் இறங்கிவிட்டோம். அவன் என் சட்டையைப் பிடிக்க வரும்போது வயிற்றில் ஒரு உதை விட்டேன், பாயிண்ட் கிடைத்த நினைப்பில் நின்றேன். அவன் நிற்கவில்லை. நின்றுகொண்டிருந்தவனை அப்படியே தூக்கி மெத்தையில் போட்டான். அன்று வீட்டுக்குப் போகும்போது இருவருமே ஜெயித்த நினைப்பில்தான் போனோம்.

இரண்டு பேருக்கும் பொதுவான விதி வேண்டும் என்று தேடத் தொடங்கியது அதற்கப்புறம்தான். கையில் சிக்கியவை மூன்று: எம்எம்ஏ (அடி, பிடி எல்லாம் கலந்து கூண்டுக்குள் நடக்கும் சண்டை), சீனத்துச் சாண்டா, ஜப்பானின் கூடோ. நாங்கள் கூடோவை எடுத்துக்கொண்டோம், எனவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

எடைப்பிரிவு வேண்டும், கண்ணில் குத்தக்கூடாது, மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லாரும் சொல்வது. எந்த அடிக்கு அனுமதி, எதற்குத் தடை என்ற பட்டியலைத்தான் நாங்களும் முதலில் வைத்துக்கொண்டு சண்டை போட்டோம். ஆனால் முடிவைத் தீர்மானிப்பது அந்தப் பட்டியல் இல்லை. இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்ட பிறகு, அல்லது கீழே விழுந்த பிறகு, ரெஃபரி எத்தனை நொடியில் பிரித்துவிடுகிறார் என்பதுதான். உடனே பிரித்தால் அடிக்கிறவன் ராஜா. பிரிக்கவே இல்லையென்றால் பிடிக்கிறவன் ராஜா.

பழைய மோதல்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் நிறையப் புரிகிறது. 1951 அக்டோபரில் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுராவும் பிரேசிலின் எலியோ கிரேசியும் மோதினார்கள். கிமுரா அவரைத் திரும்பத் திரும்ப வீசினார். ஜூடோவில் சுத்தமாக ஒரு வீச்சு விழுந்தால் ஆட்டமே முடிந்தது. அங்கே வீச்சுக்கு மதிப்பே கிடையாது, எதிராளி பணிய வேண்டும். கடைசியில் கைப்பூட்டுப் போட்டு, கிரேசியின் தரப்பு துண்டை வீசிய பிறகுதான் கிமுரா ஜெயித்தார். (அந்தப் பூட்டுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.) 1976 ஜூனில் டோக்கியோவில் முகமது அலிக்கும் மல்யுத்த வீரர் இனோக்கிக்கும் நடந்ததோ நேர் எதிர். இனோக்கியின் பிடிகளுக்கெல்லாம் விதி கடிவாளம் போட்டது. அவர் மல்லாந்து படுத்துக்கொண்டு அலியின் காலை உதைத்தே 15 சுற்றையும் ஓட்டினார். ஆட்டம் டிரா.

எம்எம்ஏவுக்கு வருகிறேன். 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் நடந்த, யுஎஃப்சி என்ற எம்எம்ஏ தொடரின் முதல் போட்டியில், தரையில் கிடப்பவர்களை ரெஃபரி எழுப்பி நிறுத்த மாட்டார். எலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி அன்று ஒரே இரவில் மூன்று பேரைப் பணியவைத்தார். அதில் கென் ஷாம்ராக் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. 1995இல் ஆட்டத்துக்கு நேர வரம்பு வந்தது. அதே இருவர் மோதினார்கள், 36 நிமிடம் போய் டிராவில் முடிந்தது. இடையில் ஷாம்ராக்கும் பாடம் கற்றிருந்தார், அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் கடிகாரத்தின் பங்கு சின்னதில்லை.

இன்றைய எம்எம்ஏவில் 5 நிமிடச் சுற்று, எடைப்பிரிவு எல்லாம் உண்டு. ஆனால் முதல் நிமிடத்திலேயே விழுந்துவிட்டால் மீதி நான்கையும் கீழேயே கழிக்க நேரலாம். அதனால் கராத்தேக்காரன் மல்யுத்தமும், தரையில் பூட்டும் நெரியும் போடும் ஜியு ஜிட்சுவும் கற்றே ஆக வேண்டும். 2009இல் யுஎஃப்சி பட்டம் வென்ற லியோட்டோ மச்சிடா ஷோட்டோகான் என்ற கராத்தே பாணிக்காரர்தான், ஆனால் ஜியு ஜிட்சுவிலும் கறுப்புப் பட்டை. அப்புறம் அதை இரண்டு பாணிகளின் மோதல் என்று எப்படிச் சொல்வது? எம்எம்ஏ என்ற மூன்றாவது பாணி கற்ற இருவர் மோதுகிறார்கள், அவ்வளவுதான். நான் கூண்டுக்குள் இறங்கியதில்லை. இது வெளியிலிருந்து பார்ப்பவனின் கணிப்பு.

சாண்டா எனக்குப் பிடித்த விதி. குத்து, உதை, வீச்சு மூன்றுக்கும் மதிப்பெண் உண்டு. எதிராளியை வீழ்த்திவிட்டு நீங்கள் நின்றால் 2 புள்ளி. உயர்ந்த மேடையில் நடக்கும், ஒரே சுற்றில் இரண்டு தடவை மேடையிலிருந்து விழுந்தால் அந்தச் சுற்றே போச்சு. கட்டிப் பிடித்தால் வீச சில நொடிதான் அவகாசம், கீழே விழுந்ததும் நிறுத்திவிடுவார்கள். எனக்கு இது அல்வா. நண்பனுக்கோ பாதி வித்தை பறிபோனது மாதிரி. அமுக்கு, பூட்டு, கழுத்து நெரி எதற்கும் இடமில்லை. போதாக்குறைக்குப் பெரிய கிளவுஸ், ஜூடோ சட்டையும் கிடையாது. ஜூடோக்காரனிடமிருந்து சட்டையைப் பிடுங்கினால் அவன் பிடிப்பதற்கு என்ன இருக்கிறது?

கூடோவில் சட்டைப் பிடி, தரைச் சண்டை இரண்டுக்கும் வழி இருக்கிறது. கியோகுஷின் என்ற கராத்தே பாணியிலிருந்து வந்த அசுமா தகாஷி 1981இல் தொடங்கிய தாய்தோஜுகு என்ற பயிற்சிக்கூடத்திலிருந்து வளர்ந்தது இது. முகத்தை மூடும் கண்ணாடி வைத்த ஹெல்மெட் போட்டுக்கொண்டு முகத்திலேயே குத்தலாம். ஜூடோ மாதிரி தடித்த சட்டை, அதைப் பிடித்து வீசலாம். பிரிவுகூட வெறும் எடையை வைத்து இல்லை. சென்டிமீட்டரில் உயரம், கிலோவில் எடை, இரண்டையும் கூட்டுவார்கள். நான் 174, 71, ஆக 245.

எங்களைக் கவர்ந்தது தரைக் கணக்கு. 3 நிமிட ஆட்டத்தில் தரைச் சண்டைக்கு 30 நொடி, அதுவும் இரண்டே தடவை. 30 நொடி என்பது வித்தை தெரிந்த ஜூடோக்காரனுக்குப் போதும், அரைகுறைக்குப் போதாது. எனக்கோ, கழுத்தையும் கையையும் காப்பாற்றிக்கொண்டு தாக்குப்பிடிக்கக் கூடிய நேரம். இரண்டு தடவை பிழைத்துவிட்டால் மிச்சம் முழுக்க நின்ற சண்டை. இதனால் அவனுக்கும் சிக்கனம் வந்துவிட்டது. முதல் நிமிடத்தில் கண்டபடி இழுத்துப் போட மாட்டான், நான் மூச்சு வாங்கும்வரை காத்திருப்பான். இத்தனைக்கும் எங்கள் ஆட்டங்களில் அதிகம் ஜெயித்தவன் அவன்தான். தோற்றவனே நல்ல விதி என்று சொல்வதால் கொஞ்சம் நம்பலாம்.

குறைகளும் உண்டு. சித்திரை வெயிலில் அந்த ஹெல்மெட்டுக்குள் தலை இட்லியாக வெந்துவிடும், கண்ணாடியில் ஆவி படிந்து எதிரில் இருப்பவன் நிழலாகத் தெரிவான். ஹெல்மெட் மூக்கையும் பல்லையும் காக்கும், மண்டைக்குள் ஏற்படும் அதிர்ச்சியை நிறுத்தாது. கவசம் இருக்கிறது என்ற தைரியத்தில் வாங்க வேண்டாத அடிகளையும் வாங்குகிறோம். குத்துச்சண்டைக்காரர் ஒருவர் ஒரே ஒரு நாள் வந்தார், சட்டையைப் பிடித்ததுமே எரிச்சலாகிப் போய்விட்டார். டேக்வாண்டோக்காரர்களுடன் மோதியதும் கை விரலில் எண்ணிவிடலாம். எனவே எல்லாப் பாணிக்கும் இது நியாயம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒருவர் அடிக்கிறவர், மற்றவர் சட்டை பிடிக்கிறவர் என்றால் இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை.

இருவருமே அடிக்கிற பாணி என்றால் யோசிக்காமல் சாண்டாவுக்குப் போங்கள். பிள்ளையைப் பெரிய போட்டிகளுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தாலும் அதுதான். அது ஆசிய விளையாட்டுப் போட்டியில் இருக்கிறது, 2023இல் ஹாங்சோவில் மணிப்பூரின் ரோஷிபினா தேவி அதில்தான் வெள்ளி வாங்கினார்.

நாங்கள் கூடோவிலேயே இருக்கிறோம். நண்பன் இப்போதெல்லாம் வாய்விட்டு எண்ணிக்கொண்டே கழுத்தை நெரிக்கிறான். முன்பு பத்திலேயே தோல்வியை ஒத்துக்கொண்டு தட்டிவிடுவேன், போன வாரம் இருபத்தாறு வரை போனேன்.