மூக்கு நிமிரும், மூட்டு தாங்குமா? 2 அங்குல லெவலிங் ஸ்பேசர் கிட்: ஒரு மதிப்பீடு

காலியாக நிற்கும் பிக்அப்பைப் பக்கவாட்டில் பார்த்தால் பின்பக்கம் எழும்பி, மூக்கு கவிழ்ந்திருக்கும். அது தயாரிப்புக் குறை அல்ல. பின்னால் சுமை ஏறி லீஃப் ஸ்பிரிங் அமுங்கும்போது வண்டி மட்டத்துக்கு வரட்டும் என்று கம்பெனியே விட்டுவைத்த சரிவு. பெரும்பாலான வண்டிகளில் அது 1.5 முதல் 2.5 அங்குலம் வரை இருக்கும். பார்வைக்காகவோ, கொஞ்சம் பெரிய டயர் போடவோ அந்தச் சரிவை எடுக்க நினைப்பவர்கள் முதலில் கையில் எடுப்பது ஸ்ட்ரட்டின் (முன்சக்கரத்தின் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) தலையில் வைக்கும் ஸ்பேசர் கிட். இருப்பதிலேயே மலிவானது, நிறைய விற்பதும் அதுதான்.

பெட்டியைத் திறந்தால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். மேலே 2 அங்குலம் என்று அச்சடித்திருப்பார்கள். உள்ளே இருக்கும் இரண்டு வட்டுகளும் ஒரு அங்குலம்தான் தடிமன் இருக்கும். ஏமாற்று வேலை என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம். ஸ்ட்ரட் கீழே பிடித்திருப்பது, சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கையான லோயர் ஆர்மின் நடுப்பகுதியில், சக்கரம் இருப்பது அதன் நுனியில். ஸ்ட்ரட் ஒரு அங்குலம் நகர்ந்தால் சக்கரம் ஏறக்குறைய இரண்டு அங்குலம் நகரும். ஆகவே சுமார் 25 மி.மீ. வட்டு ஏறத்தாழ 50 மி.மீ. உயரம் தரும். இந்த விகிதம் வண்டிக்கு வண்டி மாறும். இரண்டு அங்குலம் உயர வேண்டும் என்று இரண்டு அங்குலத் தடிமனுள்ள வட்டைத் தேடி மாட்டுவதுதான் இந்த விஷயத்தில் செய்யக்கூடிய பெரிய தவறு.

வட்டின் தரம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடைந்தெடுத்த அலுமினியம், வெல்டு செய்த இரும்பு, பாலியூரித்தேன் என மூன்று வகை கிடைக்கின்றன. இரும்பு வலுவானது, ஆனால் பெயின்ட் உரிந்த இடத்தில் துரு பிடிக்கும். அலுமினியம் துருப்பிடிக்காது. உப்புத் தண்ணீர் படும் இடங்களில் மட்டும் இரும்பு நட்டும் அலுமினியமும் சேரும் இடம் அரித்துப் பிடித்துக்கொள்ளும், பிறகு கழற்றுவது பெரும்பாடு. மாட்டும்போதே அந்த இடத்தில் கொஞ்சம் ஆன்ட்டி சீஸ் (பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் களிம்பு) தடவிவிடலாம். ஆனால் அது மரையில் ஏறினால், உலர்ந்த மரைக்குச் சொன்ன முறுக்கு அளவு மிகையாகிவிடும் என்பது நினைவிருக்கட்டும். மூன்றில் அலுமினியத்தை எடுங்கள். அதிலும் ஸ்ட்ரட்டின் மூன்று ஸ்டட்கள் (தலையில்லாத போல்ட்கள்) வட்டுக்குள் இறங்கி நட்டு மாட்டும்படியும், வட்டுக்கென்று தனியாக மூன்று ஸ்டட்கள் மேலே டவருக்குள் (ஸ்ட்ரட்டின் தலை மாட்டும் சட்டக் கூடு) போகும்படியும் உள்ள வடிவமே நம்பகமானது. பழைய ஸ்டட்டின் மீதி நுனியிலேயே நட்டைப் பிடிக்கச் சொல்லும் கிட் என்றால், நட்டு முழுதாக மரையேறி மேலே ஓரிரண்டு மரையாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அந்தக் கிட் வேண்டாம்.

இந்த வகையின் பெரிய பலம், ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம் என்பது. ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றி, தலையில் வட்டை வைத்து, திரும்ப ஏற்றினால் வேலை முடிந்தது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் தேவையில்லை. ஒன்று மட்டும் கவனம்: டவரின் மேல் தெரியும் மூன்று வெளி நட்டுகளைத்தான் கழற்ற வேண்டும். நடுவில் உள்ள பெரிய நட்டு ஷாக் தண்டின் நட்டு. அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். அதைத் தளர்த்தினால் ஸ்பிரிங் வெடித்துக் கிளம்பும்.

ஓட்டும்போது மென்மை மாறாது என்று விளம்பரங்கள் சொல்வது பெருமளவு உண்மை. ஸ்பிரிங்கின் மேல் விழும் எடை மாறவில்லை, ஷாக் தன் நீளத்தில் முன்பு நின்ற அதே இடத்தில்தான் நிற்கிறது. சாதாரணச் சாலையில் வித்தியாசம் தெரியாது. கிட்டின் குறை தெரிவது இரண்டு கோடிகளில். பள்ளத்தில் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது, ஸ்ட்ரட் 25 மி.மீ. நீண்டுவிட்டதால், லோயர் ஆர்ம் பழைய எல்லையைத் தாண்டி இன்னும் 50 மி.மீ. கீழே போகிறது. மேல் கையான அப்பர் ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு சேர்க்கும் அப்பர் பால் ஜாயிண்ட் தன் கோண எல்லையை முட்டும், முன்சக்கரத்துக்கு விசை கொண்டுவரும் சிவி ஆக்சில் கூர்மையாக மடங்கும், சில வண்டிகளில் அப்பர் ஆர்ம் ஸ்பிரிங்கிலோ டவரிலோ இடிக்கும். மறுகோடியில், சக்கரம் முழுதாக மேலே ஏறும்போது சட்டத்தில் உள்ள ரப்பர் பம்ப் ஸ்டாப்பைத் தொடும் முன்பே ஷாக் தன் அடியைத் தொட்டுவிடலாம். அப்போது மோதலைத் தாங்குவது ஷாக்கின் வால்வும் டவரும்.

ஆகவே மாட்டி முடித்தவுடன் எத்தனை அங்குலம் உயர்ந்தது என்று பார்ப்பதை விட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. சட்டத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களை முழுதாகத் தொங்கவிட்டு, அப்பர் ஆர்முக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். விரல் நுழையவில்லை என்றால் அந்த வண்டிக்கு அந்தத் தடிமன் அதிகம். சக்கரத்தைக் கையால் சுழற்றும்போது சிவி மூட்டு ஓரிடத்தில் இறுகி விட்டால், அல்லது அதை மூடியிருக்கும் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று தேய்ந்தால், அதுவும் அப்படித்தான். உறை தேய்ந்து கிழியும், கிரீஸ் சிதறும், மணல் உள்ளே போகும், மூட்டு போய்விடும். நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டியில் முன் ஆக்சில் இல்லை என்பதால் இந்தப் பாதிக் கவலை இல்லை.

மாட்டுவதற்கு முன் அளவெடுங்கள். தரையிலிருந்து அளக்காமல், சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு சக்கரத்திலும் அளக்க வேண்டும். அப்போதுதான் டயர் காற்று கணக்கைக் கெடுக்காது. இடம் வலம் ஒன்றாக இருக்காது. டொயோட்டா டகோமாவில் ஓட்டுநர் பக்கம் தாழ்ந்து நிற்பது பலருக்கும் தெரிந்த சங்கதி. அந்தப் பக்கம் மட்டும் 6 மி.மீ. கூடுதல் வட்டு வைத்தால் சக்கரத்தில் சுமார் 12 மி.மீ. சரியாகும். பின்பக்கச் சரிவு 2 அங்குலம் என்றால் முன்னால் 2 அங்குலம் தூக்காதீர்கள். அரை அங்குலமாவது சரிவை விட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் சுமையோ டிரெய்லரோ வந்ததும் வண்டி வானத்தைப் பார்த்து நிற்கும், ஸ்டீயரிங் லேசாகி மிதக்கும், எதிரே வருபவர் கண்ணில் ஹெட்லைட் குத்தும். அடிக்கடி சுமை ஏற்றுபவர்களுக்கு 1 அல்லது 1.5 அங்குலக் கிட்டே போதும்.

வேலை கையால் செய்யக் கூடியதுதான். இரண்டு ஜாக்கி, ஒரு ஜோடி ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச், நீளமான கடப்பாரை இருந்தால் பழகியவருக்கு மூன்று நான்கு மணி நேரம். இரு பக்க ஆர்ம்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க்கை இரண்டு பக்கமும் சேர்த்தே கழற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் மறுபக்கம் ஆர்மை இறங்க விடாது. பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் பிடித்திருக்கும் கிளிப்புகளை முதலில் விடுவியுங்கள். மறந்தால் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பு) சாயும்போது வயர் அறுந்து, டாஷ்போர்டில் விளக்கு எரியும். அப்பர் பால் ஜாயிண்ட் நட்டை முழுதாகக் கழற்றாமல் சில மரை விட்டு வைத்து, நக்கிளின் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் விட்டுக்கொடுக்கும். ஜாயிண்டின் தலையில் அடித்தால் மரை நசுங்கும், ரப்பர் கிழியும்.

ஜாயிண்ட் விடுபட்டதும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். அங்கேதான் பலர் ஆக்சிலைக் கெடுப்பது. உள் சிவி மூட்டு இழுபட்டு, உருளைகள் கிண்ணத்தை விட்டுக் கழன்றுவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, ஓட்டியபின் இடிக்கும். நக்கிளை ஒரு கயிற்றால் சட்டத்தோடு கட்டிவிட்டால் போதும்.

பிறகு ஸ்ட்ரட்டைத் திரும்ப ஏற்றுவது. நேரத்தைத் தின்பது இந்தக் கட்டம்தான். ஸ்ட்ரட் இப்போது 25 மி.மீ. நீளம் கூடியிருப்பதால் ஆர்மைக் கடப்பாரையால் கீழே அமுக்கிப் பிடித்தால்தான் அடி போல்ட் ஓட்டை சேரும். ஆர்மின் உள்பக்க போல்ட்களைக் கொஞ்சம் தளர்த்தினால் எளிதாகும். அவை சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் கேம் போல்ட்டாக இருந்தால் தளர்த்துமுன் பெயின்ட்டால் கோடு போட்டு அடையாளம் வையுங்கள்.

ரப்பர் புஷ் உள்ள எந்த போல்ட்டையும் சக்கரம் தொங்கும்போது இறுக்கக் கூடாது. வண்டி தன் எடையோடு தரையில் நின்றபின் இறுக்க வேண்டும். தொங்கிய நிலையில் இறுக்கினால் இறக்கியதும் ரப்பர் முறுக்கப்பட்டே நிற்கும். உயரம் தவறாகக் காட்டும், புஷ் சீக்கிரம் கிழியும், கிறீச்சிடும். கிட்டின் மேல் போடும் பல பழிகள் உண்மையில் இதனால் வருபவை. முறுக்கு அளவுகளுக்கு வண்டியின் சர்வீஸ் மேனுவலை மட்டும் நம்புங்கள். டவர் நட்டுக்கும் அடி போல்ட்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

அலைன்மென்ட் இல்லாமல் கிட் முழுமையாகாது. மூக்கு உயர்ந்ததும் கேம்பர் பாசிட்டிவ் பக்கம் போகும் (சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே சாயும்), கேஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) குறையும், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் நோக்கும் திசை) விலகும். டோ விலகினால் டயர் வேகமாகத் தேயும். கேஸ்டர் குறைந்தால் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பத் தயங்கும். 2 அங்குலம் வரை தொழிற்சாலை கேம் போல்ட்டிலேயே சரி செய்யலாம். அதைத் தாண்டினால் பல வண்டிகளில் கேம் எல்லையில் நின்றுவிடும், புது அப்பர் ஆர்ம் வாங்க வேண்டும். சிவி கோணத்துக்காக, இரு ஆக்சில்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரென்ஷியலைச் சற்று இறக்கும் கிட்டும் தேவைப்படலாம். மலிவான வட்டின் உண்மையான விலை அங்கேதான் தெரியவரும்.

மாற்றுகள்? ஸ்பிரிங்குக்கும் தலைமவுண்டுக்கும் நடுவே வைக்கும் ப்ரீலோட் வட்டு, ஷாக்கின் முழு நீளத்தைக் கூட்டாது. எனவே மூட்டுகள் பழைய எல்லைக்குள்ளேயே தொங்கும். ஆனால் தொங்கும் பயணத்தில் 50 மி.மீ. போய்விடும், வேகத்தடை தாண்டி இறங்கும்போது டக் என்று இழுத்து நிற்கும். ஸ்பிரிங் விறைத்துவிட்டது என்று சொல்வார்கள். ஸ்பிரிங் மாறவில்லை, இடம்தான் இல்லை. இதை மாட்ட ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும், அது பட்டறை வேலை. பில்ஸ்டைன் 5100 போல உடலில் வெட்டிய பள்ளங்களில் வளையத்தை மாற்றி ஸ்பிரிங் தட்டை உயர்த்தும் ஷாக்கும் அடிப்படையில் இதே கணக்குதான், 46 மி.மீ. மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) ஷாக் உடன் கிடைக்கிறது என்பது வேறுபாடு. பழைய ஷாக் எப்படியும் தேய்ந்திருந்தால் வட்டுக்குப் பதில் இதை வாங்குவதே கெட்டிக்காரத்தனம். தேயாத ஷாக்கைக் கழற்றி எறிந்து வாங்கத் தேவையில்லை.

செவ்ரோலே சில்வராடோ 2500எச்டி போல, சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கித் தாங்கும் தண்டான டார்ஷன் பார் உள்ள வண்டிக்கு இந்த வட்டு பொருந்தாது. அங்கே போல்ட்டைத் திருகினாலோ, தண்டின் நுனியைப் பிடிக்கும் கீயை மாற்றினாலோ உயரம் வரும். பாரின் அழுத்தத்தை இறக்க அதற்கென்றே உள்ள கருவிதான் வேண்டும், சாதாரண புல்லர் நழுவினால் கை போகும். நான்கு சக்கர இயக்கமுள்ள ஃபோர்டு சூப்பர் டியூட்டி போன்ற முழு ஆக்சில் (இரு சக்கரத்தையும் ஒரே விறைப்பான அச்சு இணைக்கும்) வண்டியில் ஸ்பிரிங் ஆக்சிலின் மேலேயே உட்காருவதால் 2 அங்குல வட்டு 2 அங்குலமே தரும். ஆனால் ஆக்சிலைச் சட்டத்தோடு குறுக்காகப் பிடிக்கும் டிராக் பார் அதைப் பக்கவாட்டில் இழுத்துவிடும், ஸ்டீயரிங் நடுவில் நிற்காது.

வீட்டு உபயோகம், காலி வண்டி, தார்ச்சாலை, எப்போதாவது மண்பாதை, இவர்களுக்கு 1.5 முதல் 2 அங்குல அலுமினிய வட்டு தாராளமாகப் போதும். கல்லும் பள்ளமுமான இடத்தில் வேகமாக ஓட்டுபவர்கள் வாங்க வேண்டாம், அவர்கள் சக்கரத்தைத் தொங்கவிடாமல் ஒரு நாளும் ஓட்டப் போவதில்லை. 2.5 அங்குலம், 3 அங்குலம் என்று எழுதிய வட்டை யாரும் தனியாக வாங்க வேண்டாம்.

மாட்டிய அன்றே ஹெட்லைட்டைக் கீழே திருப்புங்கள். முன் கேமரா அல்லது ரேடார் உள்ள வண்டியில் மறு அளவீடு செய்யச் சொல்லுங்கள். சுமார் 800 கி.மீ. ஓடியபின் டவர் நட்டு, ஸ்ட்ரட் அடி போல்ட், பால் ஜாயிண்ட் நட்டு மூன்றையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சோதித்து, சக்கர மையத்திலிருந்து விளிம்பு வரை மறுபடி அளந்து, மாட்டி முடித்தபோது எடுத்த அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.