தமிழாசிரியர் வேலை: பாலர் பள்ளியா, முழுநாள் பராமரிப்பு நிலையமா?

பாலர் பருவக் கல்வியில் பட்டயப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கும் என் அண்ணன் மகள், "அத்தை, நான் எங்கே சேர்வது?" என்று சென்ற மாதம் கேட்டாள். நான் இரண்டு பக்கமும் வேலை பார்த்தவள். கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு, என் மூன்று வயது மகள் தூக்கத்தில் ஆங்கிலத்தில் பிதற்றியதைக் கேட்ட ஓர் இரவுக்குப் பிறகுதான் இந்தத் துறையின் பக்கம் திரும்பினேன். பிள்ளைகள்மேல் உள்ள பிரியத்தால் வந்தவர்கள்தான் என் சக ஆசிரியர்களில் அதிகம். நானோ மொழியை நினைத்து வந்தேன், பிரியம் பிறகு வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் சாய்வுக்கு அதுவே காரணம்.

2014-இல் ஐந்து பள்ளிகளுடன் தொடங்கிய சிங்கப்பூர்க் கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் நாளுக்கு நான்கு மணி நேரம் இருக்கிறார்கள். அதில் ஒரு மணி நேரம் தாய்மொழிக்கு. அவை அனைத்திலும் தமிழ் உண்டு என்பது சிறிய விஷயமன்று. குழந்தை பராமரிப்பு நிலையங்களோ வார நாள்களில் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை இயங்குபவை. ஒன்றரை வயதுப் பிள்ளைகள் முதல் தொடக்கப்பள்ளிக்குப் போகவிருக்கும் பிள்ளைகள்வரை அங்கே ஒரே கூரையின்கீழ் இருப்பார்கள். ஆனால் எல்லா நிலையங்களிலும் தமிழ் கிடைப்பதில்லை.

விடுமுறை, பாடம் தயாரிக்கக் கிடைக்கும் நேரம், இடுப்புவலி ஆகிய மூன்றிலும் பாலர் பள்ளிக்கே வெற்றி. பள்ளித் தவணையை ஒட்டி அதன் நாள்காட்டி நகரும். நிலையத்தில் ஷிஃப்ட் முறை. காலை ஷிஃப்ட் என்றால் விளக்கைப் போடுபவரும் நீங்கள்தான், மெத்தைகளை அடுக்குபவரும் நீங்கள்தான். இதை யாரும் மறுக்கப் போவதில்லை.

எனக்கு முடிவைத் தந்தது வேறொன்று: ஒரு பிள்ளையின் காதில் நம் தமிழ் எந்தெந்த வேளைகளில் விழுகிறது என்பது. 2010-இல் 5 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழியாகத் தமிழ் இருந்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 2.5 விழுக்காடாகக் குறைந்திருந்தது. வகுப்பில் என் எதிரே உட்காரும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து அதிகம் வராது என்று வைத்துக்கொண்டுதான் நான் தொடங்க வேண்டும். நான்கு மணி நேரப் பாலர் பள்ளி ஒன்றில் இரண்டு ஆண்டுகள் கற்பித்தபோது என் பாடங்கள் இப்போதையவற்றைவிட ஒழுங்காக இருந்தன; பெரிய படப் புத்தகம், பாட்டு, விளையாட்டு எல்லாம் அளந்து வைத்ததுபோல் அமையும். ஆனால் மணி முடிந்ததும் எழுந்து கதவுவரை போவதற்குள் என் ஏழு பிள்ளைகளும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். தமிழ் அந்த அறையின் பாய்விரிப்பைத் தாண்டவே இல்லை.

இப்போது வேலை செய்யும் நிலையத்தில் என் பாடவேளை அதே அளவுதான், சில நாள்கள் அதற்கும் குறைவு. ஆனால் பதினொன்றரைக்குச் சாப்பாட்டு மேசையருகே நிற்பதும், மதியம் முதுகைத் தட்டித் தூங்கவைப்பதும், ஒற்றைச் செருப்போடு அழுகிறவனுக்கு மற்றொன்றைத் தேடிக் கொடுப்பதும் நானே. அதுவரை தமிழில் வாய் திறக்காத மூன்று வயதுப் பையன் ஒருவன் சூப்புக் கிண்ணத்தில் விரலை வைத்துவிட்டு வெடுக்கென்று இழுத்து, என்னை நிமிர்ந்து பார்த்து "சூடு" என்றான். அதே வாரம் பட அட்டையைக் காட்டி அவனிடம் நான் எத்தனையோ முறை கேட்டும் வராத சொல் அது. "ஊதிக் குடி" என்றேன். மறுநாள் பக்கத்தில் இருந்தவளுக்கு அவனே சொல்லிக் கொடுத்தான். எங்கள் மேசையில் "போதும்", "இன்னும்" என்ற இரண்டு சொற்களும் சீன, மலாய்ப் பிள்ளைகளின் வாயிலும் வந்துவிட்டன. (சீன ஆசிரியரை லாவ்ஷி, மலாய் ஆசிரியரைச் சிக்கு என்று அழைக்கும் பிள்ளைகளுக்கு நான் மட்டும் ஏனோ இன்னும் 'டீச்சர்'தான்.)

குறைகளையும் சொல்ல வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் குறைவாக இருப்பதால் நான்கு வயதும் ஆறு வயதும் ஒரே குழுவில் உட்காருகிறார்கள். எழுதத் தயாரானவளும் வண்ணப் பென்சிலைக் கடிப்பவனும் ஒரே பாடத்தில். அடுத்த ஆண்டு சேர்க்கை குறைந்தால் தமிழ் வகுப்பே நிற்குமோ என்ற கவலை டிசம்பர்தோறும் வரும். பாலர் பள்ளியில் அந்தக் கவலை எனக்கு இருந்ததில்லை. நிலையத்தில், ஐந்து கைக்குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் நடக்கும் தனிப் பிரிவில் நான் மூன்று வாரங்கள் மாற்றாளாக நின்றதோடு சரி. தமிழுக்கு அதைவிட நல்ல இடம் இருக்காது என்று தோன்றினாலும், அவ்வளவு அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது முறையன்று. எழுத்தறிவில் எந்தப் பிள்ளைகள் முந்துகிறார்கள் என்றால், என் கண்ணில் பட்டவரை பாலர் பள்ளிப் பிள்ளைகளே; நான் பார்த்தது இரண்டே இடங்கள்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர், எந்த வயதினர் சேர்ந்து உட்காருகிறார்கள், சாப்பாட்டு வேளையில் தமிழாசிரியர் எங்கே இருப்பார் என்று கேட்கச் சொல்லி அண்ணன் மகளை அனுப்பினேன். முதல் நிலையத்தில் மூன்றாவது கேள்விக்கு, "அவர் அப்போது அடுத்த கிளைக்குப் போய்விடுவார்" என்ற பதில் வந்ததாம். வரும் செவ்வாய்க்கிழமை வேறொரு நிலையத்துக்குப் போகிறாள்; பதினொன்றரை மணிக்கு வரலாமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிறாள்.